ஓணம் சரக்குக்கு ஓடி (ஓவர்டிராஃப்ட்) வாங்கலாமா, பர்சனல் லோன் வாங்கலாமா? மார்த்தாண்டத்தில் சிப்ஸ் தொழில், 3 லட்சம் தேவை

உப்பேரிக்கடை (மார்த்தாண்டம்) · ஜூலை 4, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் நேந்திரங்காய் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் போட்டு விற்கிறேன். தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். கணவர் துபாயில் இருக்கிறார்.

எனக்கு வருடத்தில் பாதி வியாபாரம் ஓணத்தை ஒட்டிய ஒரு மாதத்தில்தான். களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை கடைகளுக்குச் சரக்குப் போகும். கடைக்காரர்கள் ஓணம் கழிந்துதான் பைசா தருவார்கள். ஆனால் குலைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நான் அன்றன்றைக்கே ரொக்கம் கொடுக்க வேண்டும். போன வருடம் கையில் பைசா தீர்ந்து, திருவோணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அடுப்பை அணைத்தேன். ஆர்டர் கைவசம் இருந்தது, குலை வாங்கத்தான் வழியில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இந்த முறை சீவும் மெஷினும் பெரிய அடுப்பும் வாங்க 1,20,000 ரூபாய் வேண்டும். சரக்குக்கு 1,80,000. மொத்தம் 3 லட்சம்.

வங்கியில் கேட்டேன். 14 சதவீதத்தில் மூன்று வருடத்துக்குப் பர்சனல் லோன் உடனே தரலாம் என்றார்கள். அங்கேயே இன்னொருவர், "எஃப்டி இருக்கிறதே, அதன்மேல் ஓடி போடலாமே" என்றார். ஓடி என்றால் கணக்கில் இருப்பதற்கு மேலும் ஒரு லிமிட் வரை எடுத்துக்கொள்ளலாமாம். மகளின் நர்சிங் படிப்புக்காக 2 லட்சம் எஃப்டி போட்டிருக்கிறோம். அதைத் தொடவே எனக்குப் பயம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எது எனக்குச் சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கழக்கூட்டம் பஸ் (குழித்துறை) · ஜூலை 4, இரவு 10.55

அக்கா, நான் திருவனந்தபுரத்தில் ஐடி வேலை, தினமும் போய் வருகிறேன். என் அனுபவத்தில் பர்சனல் லோன்தான் நிம்மதி. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை, 2 லட்சம் எடுத்தேன். 14 சதவீதம், 36 மாதம், தவணை 6,836 ரூபாய். 5-ஆம் தேதி சம்பளக் கணக்கிலிருந்து அதுவாகவே போய்விடும். எப்போது முடியும் என்று முதல் நாளே தெரியும். இன்னும் 11 தவணை இருக்கிறது.

அதே சமயத்தில் என் சம்பளக் கணக்கில் ஓடி வசதியும் இருந்தது, செயலியில் ஒரு தட்டு தட்டினால் போதும். நல்ல வேளை அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இன்றைக்கும் அந்த 2 லட்சம் அப்படியே நின்றிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

---

குலசேகரம் விளை · ஜூலை 5, காலை 6.10

தம்பி, உனக்கு மாதம் பிறந்தால் சம்பளம். எங்களுக்கு அப்படியா? எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். மழை பிடித்தால் பால் வெட்டு கிடையாது. நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் ஒரு முறை நிற்கும், அக்டோபர், நவம்பரில் மறுபடியும் நிற்கும். மரம் இலை உதிர்க்கும்போது வேறு.

வீட்டுக் கூரைக்காகப் பர்சனல் லோன் எடுத்தேன். தவணைத் தேதிக்கு மழை தெரியாது. இரண்டு மாதம் கணக்கில் பைசா இல்லாமல் திரும்பிப் போனது. ஒவ்வொரு முறையும் திரும்பிய கட்டணம், தாமதக் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் 760-க்கு மேல் இருந்தது 690-க்குக் கீழே வந்துவிட்டது. பிறகு ரப்பர் ஷீட் விற்று மொத்தமாகக் கட்டினேன், ஆனாலும் மதிப்பெண் ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வருமானம் சமமாக வராதவர்களுக்கு ஓடிதான் பொருத்தம். பைசா வரும்போது போடு, இல்லாதபோது வட்டி மட்டும் போகட்டும்.

---

கொளச்சல் கரை · ஜூலை 5, காலை 7.45

"வட்டி மட்டும் போகட்டும்" என்று சொன்னீர்களே அண்ணே, அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

விசைப்படகில் எனக்கு ஒரு பங்கு உண்டு. வீட்டுப் பத்திரத்தை வைத்து ஒரு வங்கியில் 3 லட்சம் ஓடி வாங்கினேன், 12 சதவீதம். தடைக்காலத்தில் உதவும் என்றுதான் வாங்கினேன். எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் படகு கட்டிக் கிடக்கும். இந்த இரண்டு மாதம் எடுப்பது, ஆகஸ்டில் கடலுக்குப் போனதும் கட்டுவது. திட்டம் அதுதான், முதல் வருடம் அப்படியே செய்தேன்.

இரண்டாம் வருடம் ஆகஸ்டில் 3 லட்சத்தில் 40,000-தான் கட்டினேன். தங்கை வீட்டுச் சடங்குக்கு அதையும் திரும்ப எடுத்தேன். அப்புறம் எஞ்சின் வேலை, அப்புறம் பள்ளிக் கட்டணம். கணக்கு எப்போதும் 2,98,000, 2,99,500 என்று விளிம்பிலேயே நிற்கும். மாதக் கடைசியில் 3,000 ரூபாய் அளவுக்கு வட்டி விழும், அதை மட்டும் போட்டுவிடுவேன். வங்கியிலிருந்து ஒரு போன் வராது, ஒரு கடிதம் வராது. கடனே இல்லாததுபோல் இருந்தது.

நான்கு வருடம் கழித்து ஒரு நாள் பாஸ்புக்கில் வட்டி வரிகளை மட்டும் பென்சிலால் கோடு போட்டுக் கூட்டினேன். 1,44,000-ஐத் தொட்டது. அசல் 3 லட்சம், ஒரு ரூபாய் குறையவில்லை. அன்றைக்கு என் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டலைச் சரிபார்த்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதே 3 லட்சத்தை 14 சதவீதத்துக்குப் பர்சனல் லோனாக வாங்கியிருந்தால் நான்கு வருடத்துக்குத் தவணை 8,200 ரூபாய்தான். வட்டி மொத்தம் 94,000-க்குள் முடிந்து, கடனும் தீர்ந்திருக்கும். வட்டி வீதம் குறைந்த கடன் எனக்கு அதிகச் செலவு வைத்தது. அதனால்தான் சொல்கிறேன் தங்கச்சி, ஓடி வேண்டாம்.

---

தோவாளை பிச்சி · ஜூலை 5, காலை 11.30

சந்தை முடிந்து இப்போதுதான் வந்தேன். கொளச்சல் அண்ணன் சொன்னது மனசை என்னவோ செய்கிறது. ஆனாலும் நான் பத்து வருடமாக ஓடியில்தான் பூ வாங்குகிறேன், இதையும் கேளுங்கள்.

பூ வியாபாரத்தில் விடியற்காலை வாங்கினால் விவசாயிக்கு அன்றைக்கே கொடுக்க வேண்டும். கேரளத்து வியாபாரி ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போடுவார். அத்தம் முதல் திருவோணம் வரைக்கும் இந்த இடைவெளிதான் எங்கள் உயிரை வாங்கும். ஓடியில் 2 லட்சம் எடுத்தால் அது பூவாகிப் பத்து நாளில் பைசாவாகத் திரும்பி வந்துவிடும். உடனே கணக்கில் போடுவேன். மாத வட்டி சில நூறு ரூபாய்தான் வரும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தக் கணக்கிலிருந்து பூவுக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்க மாட்டேன். ஏடிஎம் கார்டே வாங்கவில்லை. வீட்டுச் செலவுக்கு வேறு வங்கியில் வேறு கணக்கு.

---

அருமனை டீச்சர் · ஜூலை 5, மதியம் 1.05

ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒரு நிதி நிறுவனத்தில் 10 சதவீதத்துக்கே தருகிறார்கள். அப்படியிருக்க 14 சதவீதப் பர்சனல் லோன் எதற்கு?

---

பழைய கவுண்டர் (கோட்டாறு) · ஜூலை 5, மாலை 5.20

34 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கவுண்டரில் தொடங்கி, கடைசி ஒன்பது வருடம் கடன் பிரிவு. பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளும்.

முதலில் டீச்சருக்கு. 10 சதவீதம் என்றால் "ஃபிளாட்டா, குறையும் பாக்கியா" என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால், நீங்கள் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுவார்கள். 1 லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 30,000 வட்டி, தவணை 3,611. மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் பாக்கி முறையில் இதே தவணை ஏறக்குறைய 18 சதவீதத்துக்குச் சமம். 10 என்று சொல்லி 18 வாங்குகிறார்கள். 14 சதவீதம் குறையும் பாக்கி இதைவிட எவ்வளவோ மலிவு. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு. அதில் கட்டணம் எல்லாம் சேர்த்து வருட வீதம் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும், ஏபிஆர் என்பார்கள். அந்த வரியை வைத்து ஒப்பிடுங்கள். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்க முடியாது. தாளை உங்களுக்குப் புரிகிற மொழியில் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு.

இப்போது உப்பேரிக்கடை மகளுக்கு. ஓடி, அதாவது மேல்வரைப்பற்று, எப்படிப் பிறந்தது தெரியுமா மக்ளே? 1728-இல் எடின்பரோவில் வில்லியம் ஹாக் என்று ஒரு வணிகர். அவர் கொடுக்க வேண்டியது முதலில் வந்து நிற்கும், அவருக்கு வர வேண்டியது பின்னால் வரும். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாண்ட் அவர் கணக்கில் இருந்ததற்கு மேல் 1,000 பவுண்டு எடுத்துக்கொள்ள அனுமதித்தது. உனக்கும் நெய்யாற்றின்கரைக் கடைக்காரருக்கும் இடையில் இருக்கிற அதே இடைவெளி. ஓடி உண்டானதே அந்த இடைவெளியை அடைக்கத்தான். அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. வேறு வேலைக்கு வைத்தால் கொளச்சல் தம்பிக்கு ஆனதுதான் ஆகும்.

என்னிடம் கடன் கேட்டு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்தப் பைசா என்னவாக மாறும், எத்தனை நாளில் பைசாவாகத் திரும்பும் என்பதுதான். குலையும் எண்ணெயும் 45 நாளில் திரும்பி வரும். அது ஓடிக்கு உரியது. மெஷின் மூன்று வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பித் தரும். அது தவணைக்கு உரியது. கழக்கூட்டம் தம்பி அப்பாவுக்குச் செலவழித்தது பைசாவாகத் திரும்பவே திரும்பாது, அதைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அடைக்கத்தான் வேண்டும். அவர் பர்சனல் லோன் எடுத்தது மிகச் சரி. உன் 3 லட்சத்தை ஒரே கடனாகப் பார்ப்பதால்தான் உனக்குக் குழப்பம். அது இரண்டு கடன்.

கணக்கைப் பார். எஃப்டி மேல் வாங்கும் ஓடிக்குப் பொதுவாக வைப்புத் தொகையில் 90 சதவீதம் வரை லிமிட் தருவார்கள். 2 லட்சத்துக்கு 1,80,000. வட்டி, எஃப்டி வட்டிக்கு மேல் 1 அல்லது 2 சதவீதம். எஃப்டி 6.5 என்றால் ஓடி 7.5 என்று வைத்துக்கொள்வோம். முதல் 15 நாள் 60,000 எடுக்கிறாய். அடுத்த 20 நாள் முழு 1,80,000. கடைக்காரர்கள் தரத் தொடங்கியதும் கடைசி 10 நாள் 90,000. ஒவ்வொரு நாளும் இரவு நிற்கும் பாக்கிக்குத்தான் வட்டி. மூன்றையும் நாளால் பெருக்கிக் கூட்டினால் 54 லட்சம். அதை 7.5-ஆல் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் 1,110 ரூபாய். ஓணம் சீசன் முழுவதுக்கும் வட்டி அவ்வளவுதான்.

---

கழக்கூட்டம் பஸ் (குழித்துறை) · ஜூலை 5, மாலை 6.02

சார், நான் இப்போது கணக்குப் போட்டேன். அதே 1,80,000-க்கு 14 சதவீதப் பர்சனல் லோன் மூன்று வருடம் என்றால் வட்டி மட்டும் 41,000-க்கு மேல். 1,110 எங்கே, 41,000 எங்கே!

---

பழைய கவுண்டர் (கோட்டாறு) · ஜூலை 5, மாலை 6.40

அந்த ஒப்பீடு நியாயம் இல்லை தம்பி. 45 நாளையும் மூன்று வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. அதோடு ஒன்று எஃப்டியின் பிணையில் வருவது, மற்றது பிணையே இல்லாதது. வட்டி வீதம் வேறாகத்தான் இருக்கும்.

சரியான கேள்வி, பர்சனல் லோன் வாங்கி இரண்டு மாதத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்பது. வாங்கும்போதே பிராசசிங் கட்டணம் 2 சதவீதம் என்றால் 3,600, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 648. ஆக 4,248 ரூபாய் கைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. நிறைய வங்கிகள் குறிப்பிட்ட எண்ணிக்கை தவணை கட்டும்வரை முழுதாக அடைக்க விடுவதில்லை, விட்டாலும் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் உண்டு. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கும் கடன்களில், மாறும் வட்டியில் தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கியதற்கு இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் வரும், அதற்கு இந்த விலக்கு இல்லை. கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடியிலும் ஒளிந்திருக்கும் செலவு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்குச் சில வங்கிகளில் கட்டணம். எடுக்காத தொகைக்கும் கட்டணம் போடும் வங்கிகள் உண்டு. முக்கியமாக, ஓடி என்பது கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய கடன். லிமிட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ வங்கிக்கு உரிமை உண்டு. தவணைக் கடனில் ஒழுங்காகக் கட்டும்வரை உங்களை யாரும் அப்படிக் கேட்க முடியாது.

---

கொளச்சல் கரை · ஜூலை 5, இரவு 8.15

சார் சொன்னது புரிகிறது. தடைக்காலத்துச் செலவுக்கு என்று வாங்கியதை வீட்டுக்கும் எஞ்சினுக்கும் போட்டேன். அங்கேதான் தவறு நடந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாங்கள் நான்கு வருடம் அப்படி இருந்தும் வங்கியில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்?

---

பழைய கவுண்டர் (கோட்டாறு) · ஜூலை 5, இரவு 9.00

நீங்கள் வட்டியைப் போட்டுக்கொண்டே இருந்ததால்தான் தம்பி. ஓடி கணக்கு வாராக்கடன் ஆவதற்கு விதி இருக்கிறது. 90 நாள் தொடர்ந்து பாக்கி லிமிட்டைத் தாண்டி நிற்க வேண்டும், அல்லது 90 நாள் வரவே இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது வந்த வரவு போட்ட வட்டிக்குப் போதாமல் இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் இந்த மூன்றும் இல்லை. வங்கியின் பதிவேட்டில் நீங்கள் நல்ல வாடிக்கையாளர். வருடா வருடம் புதுப்பிக்கும்போது, "ஏன் ஒரு நாள்கூடக் கணக்கு இறங்கவில்லை" என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். நானும் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். எல்லோரிடமும் கேட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. அது எனக்கு வருத்தம்தான்.

இப்போதும் செய்யலாம். அந்த 3 லட்சத்தைத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். பத்திரம் ஏற்கெனவே அங்கே இருப்பதால் பெரிய சிரமம் இருக்காது. தவணையை ஜூன், ஜூலையில் வராதபடி போடச் சொல்லிக் கேளுங்கள். வருமானம் வரும் மாதத்துக்கு ஏற்றபடி தவணை அமைக்க வங்கிகளால் முடியும், கேட்டால்தான் செய்வார்கள். குலசேகரம் அண்ணனுக்கும் இதையேதான் சொல்வேன்.

---

குலசேகரம் விளை · ஜூலை 5, இரவு 9.25

இது தெரிந்திருந்தால் அந்த இரண்டு மாதமும் என் கணக்கு திரும்பியிருக்காது சார். கூரைக்கு ஓடி எடுத்திருந்தால் நானும் கொளச்சல்காரர் நிலைமையில்தான் நின்றிருப்பேன் போல. காலையில் எழுதியதை நான் திருத்திக்கொள்கிறேன்.

---

உப்பேரிக்கடை (மார்த்தாண்டம்) · ஜூலை 5, இரவு 10.40

சார், அண்ணன்மார், டீச்சர் எல்லோருக்கும் நன்றி. இரண்டு கடன் என்று சொன்னதும் பாதி பாரம் இறங்கியது. ஆனால் எஃப்டி விஷயத்தில் இன்னும் மனசு ஒப்பவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அது அவளுடைய பைசா. ஏதாவது ஆகிவிட்டால்?

---

பழைய கவுண்டர் (கோட்டாறு) · ஜூலை 6, காலை 6.30

பயப்படுவது நல்லதுதான் மக்ளே. ஓடி வாங்கினால் எஃப்டி உடையாது, வட்டியும் வந்துகொண்டிருக்கும். வங்கி அதன்மேல் லியன் போடும், கடன் தீரும்வரை எடுக்க முடியாது. தீர்க்காவிட்டால் எஃப்டியிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அந்த ஆபத்து உண்மையானது, அதை மறைத்து உனக்கு நான் நல்லவனாக வேண்டியதில்லை.

அதனால் மூன்று காரியம் செய். வங்கிக்குப் போகும் முன்பே எந்தக் கடை எவ்வளவு தரும், எந்தத் தேதியில் தரும் என்று ஒரு தாளில் எழுது. கடன் சொல்லி ஏமாற்றிய பழக்கம் உள்ள கடையை அந்தக் கணக்கில் சேர்க்காதே. அப்புறம், எல்லாக் கடைகளிலிருந்தும் வரும் பைசா நேராக அந்த ஓடி கணக்கிலேயே விழும்படி அந்தக் கணக்கின் க்யூஆர் அட்டையை மட்டும் கொடு. தோவாளைக்காரர் சொன்னதும் அதேதான். மூன்றாவது, கணக்கு சுழியாக வேண்டிய நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு மகளிடமே காட்டு.

எஃப்டி யார் பெயரில்? இரண்டு பேர் பெயரில் என்றால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், "யாராவது ஒருவர் எடுக்கலாம்" என்று போட்டிருந்தாலும் கடனுக்கு அது பொதுவாகப் போதாது.

மெஷினுக்குப் பர்சனல் லோன் போகும் முன் முத்ரா கேள், சிறுதொழிலுக்கான அரசுக் கடன் திட்டம் அது. கிஷோர் பிரிவில் 50,000 முதல் 5 லட்சம் வரை, பிணை வேண்டாம். உதயம் என்ற சிறுதொழில் பதிவை ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், அதற்கு யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதே. மெஷின் கடையில் கொட்டேஷன் வாங்கிக்கொள். மேனேஜர் "முத்ரா இப்போது இல்லை" என்று சொன்னால், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு தேதியிட்ட ரசீது தரச் சொல்.

---

தோவாளை பிச்சி · ஜூலை 6, காலை 11.50

அக்கா, ஏடிஎம் கார்டு மட்டும் வாங்காதீர்கள். இந்த ஒன்றையாவது கேளுங்கள்.

---

அருமனை டீச்சர் · ஜூலை 6, மாலை 4.30

நான் அந்த நிறுவனத்தில் போய்க் கேட்டேன். ஃபிளாட்தான். ஏபிஆர் எவ்வளவு என்று கேட்டதும் அந்தப் பையன் உள்ளே போய் ஒரு தாள் எடுத்து வந்தான். 19.4 என்று இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்னொன்று, எங்கள் பள்ளியில் சமையல் செய்யும் அம்மாவுக்கு ஜன்தன் கணக்கு இருக்கிறது. அதிலும் ஓடி உண்டா சார்?

---

பழைய கவுண்டர் (கோட்டாறு) · ஜூலை 6, மாலை 5.10

உண்டு டீச்சர். 10,000 ரூபாய் வரை, வயது 65-க்குள் இருக்க வேண்டும். 2,000 வரை நிபந்தனை ஏதும் இல்லை. கணக்கு கொஞ்ச காலம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும், ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான், பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுக்கு. அந்த அம்மா வட்டிக்காரரிடம் வாரவட்டிக்கு வாங்குகிறார் என்றால் அவசியம் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

---

உப்பேரிக்கடை (மார்த்தாண்டம்) · செப்டம்பர் 18, இரவு 9.50

எல்லோரும் எனக்காக இவ்வளவு எழுதினீர்கள், என்ன ஆனது என்று சொல்லாமல் இருப்பது முறையில்லை.

எஃப்டி இருவர் பெயரில்தான் இருந்தது. சார் சொல்லாவிட்டால் ஆகஸ்டில் வங்கியில் போய் நின்று திரும்பி வந்திருப்பேன். கணவர் ஆடி மாதம் பத்து நாள் லீவில் வந்தபோது இரண்டு பேருமாகப் போய்க் கையெழுத்துப் போட்டோம். லிமிட் 1,80,000, வட்டி 7.5. ஏடிஎம் கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

முத்ராவுக்கு முதல் தடவை போனபோது, "பர்சனல் லோன் எடுங்க, நாளைக்கே வந்துவிடும்" என்றுதான் சொன்னார்கள். விண்ணப்பத்துக்கு ரசீது கேட்டேன். அதன்பிறகு உட்காரச் சொன்னார்கள். மூன்று வாரம் ஆனது, 1,20,000 கிடைத்தது, 11.5 சதவீதம், மூன்று வருடம், தவணை 3,957. மெஷின் ஓணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் வந்தது. முன்பு ஒரு குலையைக் கையால் சீவி முடிப்பதற்குள் எண்ணெய் காய்ந்து நிற்கும், இப்போது சீவல் நேராகச் சட்டியிலேயே விழுகிறது. கூட வேலை செய்கிற அக்கா முதல் நாள், "என் கட்டைவிரலுக்கு இன்றைக்கு லீவு" என்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஓடியில் 1,80,000 முழுவதும் எடுக்கவில்லை. ஆகஸ்ட் 8-ஆம் தேதி எண்ணெய்க்கு 50,000. 15-ஆம் தேதி குலைக்கு 90,000. அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 31-ஆம் தேதி பாஸ்புக்கில் வட்டி என்று ஒரு வரி, 561 ரூபாய். சார் சொன்ன மாதிரி நாளால் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. மகளும் தனியாகப் போட்டுப் பார்த்தாள்.

இந்த வருடம் திருவோணத்துக்கு முந்தின நாள் இரவு பதினொன்றரை வரை அடுப்பு எரிந்தது.

வட்டம் போட்ட தேதி செப்டம்பர் 15. அன்றைக்குச் சுழியாகவில்லை. பாறசாலையில் ஒரு கடை இன்னும் 16,000 தர வேண்டும், அதுதான் பாக்கி. அந்தக் கடையை என் தாளில் முதலில் சேர்க்காமல்தான் வைத்திருந்தேன், கடைசி வாரத்தில் நிறைய ஆர்டர் கேட்டதும் ஆசைப்பட்டுக் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். தராவிட்டால் வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்து 30-ஆம் தேதிக்குள் சுழியாக்கிவிடலாம் என்று கணவரும் சொல்லிவிட்டார். கொளச்சல் அண்ணே, உங்கள் கணக்கைத் தவணையாக மாற்றினார்களா?

---

கொளச்சல் கரை · செப்டம்பர் 19, காலை 5.55

மாற்றினார்கள் தங்கச்சி. ஐந்து வருடம், ஜூன், ஜூலையில் தவணை இல்லை. இந்த மாதம்தான் முதல் தவணை. பாஸ்புக்கில் அசல் இந்த முறை நிஜமாகவே 3 லட்சத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. என் மனைவி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.